மீட்டரும் மீஸானும்

திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்தியதைக் கூறும் அல்லாஹு தஆலா, அதற்கு அடுத்தாற்போல் மீஸானை, அதாவது தராசை அமைத்ததைக் கூறுகிறான். நிறுவையில் வரம்பு மீறக் கூடாது, குறைத்து நிறுக்கக் கூடாது என்று அங்கேயே எச்சரிக்கவும் செய்கிறான். வானம் எங்கே, பலசரக்குக் கடையில் தொங்கும் தராசு எங்கே! இரண்டையும் அடுத்தடுத்து வைத்து இறைவன் பேசியிருப்பதைச் சிந்திப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். வானமும் பூமியும் எந்த நீதியால் நிலைத்திருக்கின்றனவோ, அந்த நீதியால்தான் மனிதர்களின் கொடுக்கல் வாங்கலும் நிலைத்திருக்க வேண்டும்.

தராசு காலத்துக்குக் காலம் உருமாறி வருகிறது. நம் பாட்டன்மார் மரக்காலும் படியும் கொண்டு அளந்தார்கள். நம் தந்தைமார் இரும்புப் படிக்கல் வைத்து நிறுத்தார்கள். இன்று நம் வீட்டு நடையிலும் மாடிப்படியின் கீழும் ஒரு சிறு பெட்டி சுவரில் மாட்டப்பட்டிருக்கிறதே, மின்சார மீட்டர், அதுவும் ஒரு தராசுதான். அரிசிக் கடைக்காரர் எடைக்கல்லைத் தொடும்போது மறுமையை நினைக்கிறார். ஆனால் நம்மில் பலர் அந்த மீட்டரைத் தராசாக நினைப்பதேயில்லை. அதனால்தான் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே கரண்ட் பில்லை முன்னிட்டு எழும் தகராறுகள் இவ்வளவு பெருகியிருக்கின்றன. ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் இருவர், ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறும் நிலை வந்திருக்கிறது. மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுடன் பேசாமல் வெறுத்திருப்பது ஆகாது என்பது நபிமொழி. இங்கோ மூன்று பில் வந்து போன பின்னும் பேச்சு இல்லை.

ஆகவே இதை மார்க்கத்தின் ஒளியில் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

பிரச்சினை என்ன?

ஒரு வீட்டின் மாடியில் வீட்டுக்காரர் இருக்கிறார். கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மின்வாரியத்தின் இணைப்பு ஒன்றே. கீழ்ப்பகுதிக்கென்று வீட்டுக்காரர் தனியாக ஒரு சப்-மீட்டர் பொருத்தியிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, "இவ்வளவு யூனிட், இவ்வளவு ரூபாய்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவார். வழக்கமாக எழுநூறு, எண்ணூறு என்று வருவது ஒருமுறை திடீரென்று மூவாயிரத்தைத் தாண்டி வருகிறது.

"என்ன பாய், இந்தத் தடவை இவ்வளவு வந்திருக்கு?" என்று குடியிருப்பவர் கேட்கிறார். "மீட்டர் சொல்லுது, நானா சொல்றேன்? கட்டுப்படியாகலேன்னா வேற வீடு பார்த்துக்கங்க" என்று பதில் வருகிறது. அவருடைய வீட்டார், "வாய் கொடுக்காதீங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் இங்கேதான் இருக்கு" என்கிறார்கள். வயதில் மூத்தவர் ஒருவர், "போகட்டும் தம்பி, ஸபூர் செய்யுங்க. அல்லாஹ் வேறு வழியில் தருவான்" என்கிறார்.

இதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கணக்குக் கேட்பது ஸபூருக்கு மாற்றமா? வீட்டுக்காரருக்கு எவ்வளவு வாங்க உரிமை உண்டு? இருவர் பேச்சும் முரண்பட்டால் நிரூபிக்க வேண்டியவர் யார்?

கேட்பது குற்றமா?

பொருளைப் பற்றி வாதாடுவது பக்திமானுக்கு அழகல்ல என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. இது முழுவதும் சரியன்று. கண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு வந்து, கடுமையான சொற்களால் பேசினார். ஸஹாபாப் பெருமக்கள் அவரைக் கண்டிக்க எழுந்தபோது, விட்டுவிடுங்கள், உரிமையுடையவருக்குப் பேச உரிமை உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். பின்பு அவருக்குச் சேர வேண்டியதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் சொன்னார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் இந்த வரலாறு பதிவாகியுள்ளது. படைப்பினங்களில் சிறந்தவர்களிடமே கணக்குக் கேட்க ஒரு சாதாரண மனிதருக்கு வாய் இருந்தது என்றால், வீட்டுக்காரரிடம் ஒரு குடித்தனக்காரர் கேட்பது எப்படிக் குற்றமாகும்?

ஸபூர் என்பது வேறு, வாய்மூடி இருப்பது வேறு. ஒருவர் தம் உரிமை இன்னதென்று அறிந்து, கேட்கும் சக்தியும் பெற்று, அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு. அதற்குப் பெரும் கூலி உண்டு. வேறு வீடு கிடைக்காதே என்ற பயத்தில் வாய்மூடிக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தால் அது மன்னிப்பும் அன்று, ஸபூரும் அன்று. அப்படிக் கொடுத்த பணம் வாங்கியவருக்கு ஹலாலும் ஆகாது. ஒரு முஸ்லிமின் பொருள் அவருடைய மனத்திருப்தியின்றிப் பிறருக்கு ஆகுமாகாது என்பது நபிமொழியின் கருத்து. சொந்தச் சகோதரனை ஹராம் உண்ணவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, மரியாதையாகக் கணக்குக் கேட்டு அவனைக் காப்பாற்றுவது மேல் அன்றோ?

ஆனால் கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கேட்பது வேறு, பழி சுமத்துவது வேறு. "ரீடிங் காட்டுங்கள், நானும் பார்த்துக்கொள்கிறேன்" என்பது கேள்வி. "நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்" என்பது குற்றச்சாட்டு. எண்ணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. பில் அதிகமாக வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைத் திருடராக்குவது அந்தக் கட்டளைக்கு மாறு செய்வதாகும். அதைத் தெருவில் நின்று பேசினால் புறமும் சேர்ந்துகொள்கிறது.

வீட்டுக்காரர் வியாபாரியா, அமீனா?

இனி இந்த விஷயத்தின் மையமான கேள்விக்கு வருவோம். குடியிருப்பவரிடமிருந்து கரண்ட் பணத்தை வாங்கும் வீட்டுக்காரர் எந்த நிலையில் நின்று வாங்குகிறார்? அவர் மின்சாரத்தை விற்கும் வியாபாரியா? அல்லது வாரியத்துக்குச் சேர வேண்டியதை வாங்கிச் செலுத்தும் அமீனா, அதாவது நம்பிக்கைக்குரிய பொறுப்பாளரா?

குடிவைக்கும்போது, "வாடகை இவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு வருதோ அதைக் கொடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தால், அவர் அமீன். பிக்ஹு நூல்களில் தவ்லியா என்றொரு வியாபார முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் தாம் வாங்கிய பொருளை, வாங்கிய அசல் விலைக்கே மற்றொருவருக்குக் கொடுத்துவிடுவது தவ்லியா. லாபம் வைத்து, அசல் விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்பது முராபஹா. இவ்விரண்டிலும் வாங்குபவர், விற்பவரின் வாக்கை நம்பியே விலை கொடுக்கிறார். அதனால் இவற்றுக்கு நம்பிக்கை வியாபாரம் என்றே பெயர். தொண்ணூறுக்கு வாங்கியதை நூறுக்கு வாங்கியதாக ஒருவர் சொல்லி, பின்பு உண்மை வெளிப்பட்டால் என்ன செய்வது? அந்தப் பத்தும், லாபம் வைத்திருந்தால் அதற்குரிய லாபமும் தள்ளுபடியாகும் என்பதே ஷாஃபியீ மத்ஹபில் வலுவான சொல் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் கூறுகிறார்கள். ஹனஃபி மத்ஹபிலும் தவ்லியாவில் அதிகமாகச் சொன்னதைக் கழித்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்று. கரண்ட் பில் வருகிறபடி கொடுப்பது என்ற பேச்சும் இதைப் போன்றதுதான். ஆகவே "பில் வருகிறபடி" என்று பேசிவிட்டு, வாரியத்துக்குச் செலுத்தியதைவிட ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கினாலும் அந்த ஒரு ரூபாய் அவருடையது அன்று. திருப்பிக் கொடுக்க வேண்டியது.

இதற்கு மாறாக, குடிவைக்கும்போதே, "யூனிட்டுக்கு இவ்வளவு ரூபாய் வாங்குவேன், இது வாரியத்தின் கட்டணம் அல்ல, என் கணக்கு" என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி, அவரும் அறிந்து சம்மதித்திருந்தால், அது வேறு ஒப்பந்தம். அரசின் விதி அதற்கு இடம் தருகிறதா என்பதையும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அதில் பொய் இல்லை.

பெரும்பாலான தகராறு எங்கே பிறக்கிறது என்றால், வீட்டுக்காரர் இரண்டு நிலையிலும் ஒரே சமயத்தில் நிற்க விரும்புவதில்தான். பணம் வாங்கும்போது வியாபாரியாக வாங்குகிறார். கணக்குக் கேட்டால் அமீனாகி, "நான் என்ன செய்வேன், பில் அப்படி வருது" என்கிறார். வியாபாரியாக இருந்தால் விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அமீனாக இருந்தால் பில்லைக் காட்ட வேண்டும். விலையும் சொல்லாமல் பில்லும் காட்டாமல் வாங்குவதற்கு மார்க்கத்தில் பெயர் உண்டு. பாத்திலான முறையில் பிறர் பொருளை உண்ணாதீர்கள் என்று அன்னிஸா அத்தியாயத்தில் தடுக்கப்பட்டிருப்பதில் அதுவும் அடங்கும்.

மத்யன் நகரத்தாரிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள், அளவையையும் நிறுவையையும் நிறைவாக்குங்கள் என்று ஏவியபோது அம்மக்கள் என்ன பதில் சொன்னார்கள்? எங்கள் பொருளில் எங்கள் இஷ்டப்படி நாங்கள் நடக்கக் கூடாது என்று உம்முடைய தொழுகையா உம்மை ஏவுகிறது என்று கேலி செய்ததாக ஹூது அத்தியாயம் அறிவிக்கிறது. "என் வீடு, என் மீட்டர், என் இஷ்டம்" என்று சொல்லும் தொழுகையாளி, தாம் யாருடைய சொல்லைத் திரும்பச் சொல்கிறோம் என்பதைச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

ஒரே மீட்டரில் பல குடும்பங்கள்

யாரும் பொய் சொல்லாமலேயே அநியாயம் நிகழும் ஓர் இடம் இருக்கிறது. அது படிக்கட்டுக் கட்டணம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். உபயோகம் கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. 2016-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விலை மாறியிருக்கிறது. ஆயினும் கணக்கின் பாங்கு விளங்க இதுவே போதும்.

அந்தக் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் உபயோகிப்பவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, அதற்கு மேல் 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டாலோ அந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய்விடுகிறது. 101 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய், 600 வரை 8 ரூபாய் என்று கணக்காகிறது.

கீழ்ப்பகுதியில் இருப்பவர் 200 யூனிட்டும் வீட்டுக்காரர் 400 யூனிட்டும் உபயோகித்தார்கள் என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் கீழ்வீட்டுக்கு 225 ரூபாய், மாடிக்கு 1,125 ரூபாய், ஆக 1,350 ரூபாய். இணைப்பு ஒன்றாக இருப்பதால் மொத்தம் 600 யூனிட்டுக்கு 2,750 ரூபாய் வருகிறது. அதே விளக்கு, அதே விசிறி, அதே உபயோகம். இரண்டும் ஒரே மீட்டரில் சேர்ந்த குற்றத்துக்காக 1,400 ரூபாய் கூடுதல்!

யூனிட் விகிதப்படி பிரித்தால் கீழ்வீட்டுக்காரர் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 917 ரூபாய் கொடுக்க வேண்டும். தனியாக இருந்தால் 225 கொடுத்திருப்பார். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் கீழ்வீட்டுக்காரர் 2,000 ரூபாய் கொடுக்கிறார். வீட்டுக்காரர் கையிலிருந்து போவது 750 ரூபாய் மட்டுமே. அவர் தனியாக இருந்திருந்தால் கொடுத்திருக்க வேண்டிய 1,125-ஐவிட அது குறைவு! மாடியில் ஓடும் ஏ.சி.க்குக் கீழே விசிறி மட்டும் வைத்திருக்கும் குடும்பம் பணம் கட்டுகிறது. வீட்டுக்காரர் இதை வேண்டுமென்றே செய்தார் என்று நாம் சொல்லவில்லை. பலர் கணக்குப் போட்டே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பிறர் பணம் தம் கைக்கு வரும்போது கணக்குப் போட்டுப் பார்ப்பது கடமை.

அந்த 1,400 ரூபாயை யார் சுமப்பது? லாபம் யாருக்கோ நஷ்டப் பொறுப்பும் அவருக்கே என்பது பிக்ஹில் ஒரு பொது விதி. ‘அல்குன்மு பில்குர்மி’ என்பார்கள். ஒரே இணைப்பில் இரண்டு மூன்று குடும்பங்களை வைத்து வாடகை வாங்கும் பலன் வீட்டுக்காரருக்கு. தனி இணைப்பு வாங்கும் செலவு மிச்சமான பலனும் அவருக்கே. எனவே, சேர்ந்த மீட்டர் என்பதைச் சொல்லாமல் குடிவைத்திருந்தால், சேர்ந்ததால் வந்த கூடுதலைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது நியாயமாகாது என்பதே நமது கருத்து. முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, அவரும் ஒப்புக்கொண்டிருந்தால் யூனிட் விகிதப்படி பிரித்துக்கொள்வது நீதி. அப்போதும் அந்த 100 யூனிட் இலவசச் சலுகையை வீட்டுக்காரர் தமக்கு மட்டுமே எழுதிக்கொள்ளக் கூடாது. அரசு தந்தது அந்த இணைப்பில் வாழும் குடும்பங்களுக்கு. வாடகைக்கு இருப்பவர் அதில் அந்நியர் அல்லர். இன்னும் ஒரு படி மேலே போய், "உங்கள் யூனிட்டுக்குத் தனியாக இருந்தால் என்ன வருமோ அதை மட்டும் கொடுங்கள்" என்று சொல்லும் வீட்டுக்காரர் இஹ்ஸான் செய்தவராவார். விற்கும்போதும் வாங்கும்போதும் தம் உரிமையைக் கேட்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் ரஹ்மத்தை வேண்டி துஆ செய்திருக்கிறார்கள்.

யார் நிரூபிக்க வேண்டும்?

வாதிப்பவர் மீது அத்தாட்சி, மறுப்பவர் மீது சத்தியம் என்பது ஷரீஅத்தின் அடிப்படை. எந்த மனிதனும் கடன் பொறுப்பு அற்றவன் என்பதே அசல் நிலை. "நீ எனக்கு மூவாயிரம் தர வேண்டும்" என்று சொல்பவரே அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் என்பது துண்டுச் சீட்டு அன்று. முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், வாரியத்தின் பில், பிரித்த கணக்கு ஆகிய நான்கும்தான் ஆதாரம். இன்று இணைப்பு எண்ணைக் கொண்டு கைபேசியிலேயே பில் தொகையைப் பார்க்க முடிகிறது. மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு இதைக் காட்டுவதில் என்ன தயக்கம்?

நான்கையும் வீட்டுக்காரர் காட்டிவிட்டால் நிலைமை மாறுகிறது. இருவரும் ஒப்புக்கொண்ட தராசின் அளவு தெரிந்துவிட்டது. இனித் தராசே தவறு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். அதற்கு முன் குடியிருப்பவர் தம் வீட்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் வெந்நீர் ஹீட்டர் தினமும் ஒரு மணி நேரம் எரிந்தால் அறுபது நாளில் 120 யூனிட் அதுவே ஆகிவிடும். ஒன்றரை டன் ஏ.சி. இரவெல்லாம் ஓடினால் ஓர் இரவுக்கு எட்டு, பத்து யூனிட் கூட ஆகலாம். ரமளானில் ஸஹருக்கு எழுந்த நேரத்திலிருந்து விளக்கும் விசிறியும் அடுப்படிச் சாதனங்களும் ஓய்வின்றி இருந்ததையும், பெருநாளுக்கு வந்த விருந்தாளிகள் பத்து நாள் தங்கியதையும் மறந்துவிட்டு வீட்டுக்காரரைக் குறை சொல்லக் கூடாது.

உபயோகம் கூடவில்லை என்பது உறுதியானால், வீட்டிலுள்ள எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போதும் அது ஓடினால், ஒன்று எங்கோ மின்கசிவு இருக்கிறது. அல்லது பொது மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற வேறொரு கம்பி அந்த மீட்டரில் சேர்ந்திருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்குக் குறையாது. எல்லோருடைய தொட்டிக்கும் ஏறும் தண்ணீருக்கு ஒரு வீடு மட்டும் பணம் கட்டிக்கொண்டிருந்த சங்கதிகள் உண்டு. கதவு பூட்டியிருந்ததால் ஒருமுறை ரீடிங் எடுக்காமல் பழைய அளவை வைத்துப் போட்டுவிட்டு, மறுமுறை சேர்ந்து வருவதும் உண்டு. வாரியத்தின் மீட்டரிலேயே சந்தேகம் என்றால் உரிய கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சொல்லலாம். சப்-மீட்டர் வீட்டுக்காரருடையது. ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை இருவருமாக அழைத்து இருவர் முன்னிலையில் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். தகராறு தீராத நிலையில் ஃப்யூஸைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது போன்றவை கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் அத்தியாவசியமான வசதிகளை நிறுத்துவதைத் தடுத்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும். கைக்குழந்தையும் வயதான தாயும் உள்ள வீட்டை வேண்டுமென்றே இருட்டாக்கிவிட்டு, இஷாத் தொழுகையில் ஒருவர் எந்த முகத்துடன் நிற்பார்?

குடியிருப்போர் கடமை

இதுவரை வீட்டுக்காரருக்குச் சொன்னோம். குடியிருப்போரிலும் அநியாயம் செய்வோர் உண்டு. வாடகை வருமானம் ஒன்றையே நம்பி இத்தா முடித்து உட்கார்ந்திருக்கும் விதவை மாமிமார் எத்தனை பேர்! அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்பதை வைத்துக்கொண்டு, ரீடிங்கைக் குறைத்துச் சொல்பவரும், "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று நான்கு பில்லைத் தள்ளிவிட்டு இரவோடு இரவாகக் காலி செய்பவரும் இருக்கிறார்கள். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. மீட்டரில் கை வைப்பது, மாடிப்படி விளக்கின் கம்பியிலிருந்து தம் வீட்டுக்கு இழுத்துக்கொள்வது ஆகியவை திருட்டைச் சேர்ந்தவை. வீட்டுக்காரரின் திருட்டும் குடித்தனக்காரரின் திருட்டும் அல்லாஹ்விடத்தில் ஒரே தராசில்தான் நிறுக்கப்படும்.

அளவை நிறுவையில் குறைப்போருக்குக் கேடு என்று தொடங்கும் முதஃப்பிஃபீன் அத்தியாயம், அவர்களின் அடையாளமாக ஒன்றைச் சொல்கிறது. தாங்கள் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்குகிறார்கள், பிறருக்குக் கொடுக்கும்போது குறைக்கிறார்கள். அவர்களுக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள் என்பதே குற்றம். மதீனா மக்களிடம் அளவையில் மோசமான வழக்கம் இருந்தது. இந்த அத்தியாயம் இறங்கிய பின் அவர்கள் அளவையைச் சீராக்கிக்கொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாமும் அந்த அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

முடிவுக்கு வருவது எப்படி?

முதலாவது, எழுதிக்கொள்வது. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. குடிவரும் அன்றே மீட்டரின் ரீடிங், கட்டணம் எப்படி, மோட்டாரும் பொது விளக்கும் யார் கணக்கில், அட்வான்ஸில் எது கழியும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும். "நமக்குள்ளே எதுக்கு எழுத்து?" என்ற சொல்தான் பின்னால் நீதிமன்றப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விடுகிறது.

இரண்டாவது, சுல்ஹு, அதாவது சமாதானம். கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்குக் கடன் தரவேண்டிய இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்துக் கேட்க, இருவர் குரலும் உயர்ந்துவிட்டது. வீட்டுக்குள் இருந்த நாயகம் (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே பார்த்து, பாதியைத் தள்ளிவிடும்படி கஅபுக்குக் கையால் சைகை செய்தார்கள். அவர் உடனே ஏற்றுக்கொண்டார். அடுத்து மற்றவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடுக்கும்படி பணித்தார்கள். ஒருவர் விட்டுக்கொடுத்தார், மற்றவர் தாமதமின்றிக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்ததுதான் சுல்ஹு. நம் ஜமாஅத்துகளில் ஏழையான தரப்பிடம் மட்டும், "நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்களே, அது சுல்ஹு ஆகாது. பலசாலியின் பக்கம் சாய்வதாகும்.

மூன்றாவது, பேச்சில் வென்றவர் உரிமையில் வென்றதாக எண்ணக் கூடாது. நானும் ஒரு மனிதன்தான்; உங்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத்திறமை மிக்கவராக இருக்கலாம்; அதைக் கேட்டு அவருடைய சகோதரரின் உரிமையை அவருக்கு நான் தீர்ப்பளித்துவிட்டால், அது நெருப்புத் துண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், வீட்டுக்காரரின் அதட்டலோ குடித்தனக்காரரின் சாமர்த்தியமோ ஆக்கிவிடுமா?

மறுமையில் தொழுகை, நோன்பு, ஜகாத்துடன் வந்து, பிறர் பொருளை உண்ட காரணத்தால் அந்த நன்மைகளையெல்லாம் உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்பவனே என் உம்மத்தில் உண்மையான முஃப்லிஸ், அதாவது திவாலானவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அன்று துண்டுச் சீட்டு இல்லை. "மீட்டர் சொல்லுது" என்று கைகாட்டி ஒதுங்கவும் முடியாது. யூனிட் கணக்கு நன்மையில் தீர்க்கப்படும். நூறு, இருநூறு ரூபாய்க்காக நம் தஹஜ்ஜுதுகளைப் பிறர் கணக்கில் எழுதிவைத்துவிட வேண்டாம். சந்தேகமான பணம் கைக்கு வந்திருந்தால், அந்த நாள் வருமுன் இன்றே கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். கொடுக்க வேண்டியது பாக்கி இருந்தால் இன்றே கொடுத்து விடுவோம்.

எல்லாம் வல்ல அல்லாஹு தஆலா நம் இல்லங்களை ஹலாலான ஒளியால் நிரப்பி, நம் அளவைகளைச் சீராக்கி, அடியார்களின் உரிமை எதுவும் நம் கழுத்தில் தங்காத நிலையில் நம்மைத் தன்னளவில் அழைத்துக்கொள்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.